அரியர் விழுந்த ஊடகவியல் தாள்: டெல்டா கல்லூரி ஒன்றில் பத்து வாரத் தயாரிப்பு

பின்னணி

திருவாரூருக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் உள்ள கலை அறிவியல் கல்லூரி அது. இளங்கலைக் காட்சித் தொடர்பியல் படிப்பில் முதலாண்டு மாணவர்கள் எழுதும் ஊடகவியல் அறிமுகத் தாளை 2024 ஏப்ரலில் 23 பேர் எழுதினார்கள். 14 பேருக்கு அரியர் விழுந்தது. செய்முறைத் தாள்களில் இதே 14 பேரும் நன்றாகவே தேறியிருந்தார்கள். கேமரா பிடிக்கத் தெரியும், படத்தொகுப்பு கைவந்திருக்கிறது, இரண்டு பேர் முகூர்த்த நாள்களில் கல்யாண வீடியோ எடுத்து வீட்டுக்குப் பணம் கொடுக்கிறார்கள். எழுத்துத் தாளில்தான் வழுக்கி விழுந்தார்கள்.

நான் அங்கே வாரத்தில் இரண்டு நாள் வகுப்பெடுக்கிறேன். அரியர் மாணவர்களை நவம்பர் தேர்வுக்குத் தயார் செய்யும் பொறுப்பு ஆகஸ்ட் கடைசியில் என்னிடம் வந்தது. தாளில் ஐந்து அலகுகள்: தொடர்பியல் மாதிரிகள், ஊடகக் கோட்பாடுகள், இதழியல் வரலாறு, வானொலியும் தொலைக்காட்சியும், சட்டமும் நெறிமுறையும். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம். 30 எடுத்தால் தேர்ச்சி. தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

நேரம் எங்களுக்கு எதிராகவே இருந்தது. அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படவில்லை. நீர்வரத்து பெருகிய பிறகு ஜூலை 28இல்தான் திறந்தார்கள். அதனால் எங்கள் பகுதியில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சம்பா வேலை நெருக்கியடித்தது. 14 பேரில் ஒன்பது பேர் விவசாயக் குடும்பம் அல்லது விவசாயக் கூலிக் குடும்பம், இரண்டு பேர் கடற்கரைக் கிராமத்தவர்கள். மாலை 4.30க்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடித்தாக வேண்டும், 6.20க்குக் கடைசி பஸ். புதன், சனி என்று வாரம் இரண்டு நாள் ஒதுக்கினோம்.

விடைத்தாள்களில் கண்டது

நான்கு மாணவர்கள் பணம் கட்டித் தங்கள் விடைத்தாள் நகலை வாங்கியிருந்தார்கள். பாடம் நடத்தத் தொடங்கும் முன் அந்த நான்கையும் இரண்டு மாலைகள் உட்கார்ந்து படித்தேன்.

ஊடகத்தின் நிகழ்ச்சிநிரல் அமைப்பு பற்றிய கேள்விக்கு மூன்று தாள்களில் ஒரே வாக்கியம் இருந்தது. ‘ஊடகம் மக்கள் எதைச் சிந்திக்க வேண்டும் என்று சொல்வதைவிட எதைச் சிந்திக்க வேண்டும் என்று சொல்வதிலேயே வெற்றி பெறுகிறது.’ இதை மூன்று முறை படித்தேன். 1963இல் பெர்னார்ட் கோஹன் சொன்ன கருத்து இது: எதைச் சிந்திப்பது என்று மக்களுக்குச் சொல்வதில் பத்திரிகை பெரும்பாலும் வெற்றி பெறாமல் போகலாம், எதைப் பற்றிச் சிந்திப்பது என்று சொல்வதில் வியக்கத்தக்க வெற்றி பெறுகிறது. ‘பற்றி’ என்ற ஒரு சொல் விழுந்ததும் அந்தக் கோட்பாடே காணாமல் போயிருந்தது. கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஆண்டாண்டாக விற்கும் குறிப்புக் கட்டை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ‘பற்றி’ இல்லை. மூன்று பேர் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்ட அலகிலும் இதே கதை. பத்திரிகைப் பதிவு பற்றிய கேள்விக்கு நான்கு பேரும் 1867ஆம் ஆண்டின் சட்டம் நடப்பில் இருப்பதாக எழுதியிருந்தார்கள். 2023இல் இயற்றப்பட்ட பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. அவர்கள் தேர்வு எழுதியதோ அதற்கு அடுத்த மாதம். குறிப்புக் கட்டுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை.

நான்காவது தாள் வேறு வகை. அந்த மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஒவ்வொரு விடையும் இரண்டு வரியில் நின்றுபோயிருந்தது. முதல் வரி மனப்பாடம், இரண்டாம் வரி அதன் பாதி, பிறகு வெற்றிடம். ஏன் தமிழில் எழுதவில்லை என்று கேட்டேன். “தமிழில் எழுதினால் திருத்துகிறவர்கள் மதிக்கமாட்டார்கள் என்று சீனியர் அக்கா சொன்னார்கள், சார்” என்றார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர் அவர்.

முதலில் எடுத்த முடிவுகள்

குறிப்புக் கட்டை ஒதுக்கினேன். அதைத் திருத்திக் கொடுத்திருக்கலாம் என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். திருத்திய கட்டையும் இதே போல்தான் மனப்பாடம் செய்வார்கள் என்று எனக்குப் பட்டது. வரி சரியா தவறா என்று கண்டுபிடிக்கும் திறன் மாணவரிடமே வர வேண்டும். அதற்கு, சொல்லப்படும் விஷயத்தை அவர் எங்காவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு கோட்பாட்டையும் முதலில் ஊரில் நடந்த ஒன்றிலிருந்து பேசுவது, பெயரும் ஆண்டும் அதற்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். மொழியை அவரவர் விருப்பத்துக்கு விட்டேன். ஒன்பது பேர் தமிழுக்கு வந்தார்கள், ஐந்து பேர் ஆங்கிலத்திலேயே நின்றார்கள். அந்த மாணவி தமிழுக்கு வந்துவிட்டார். கலைச்சொல் சிக்கல் ஒன்று உண்டு. எந்தச் செய்தி வெளிவரலாம் என்று ஊடகத்தில் ஒருவர் வடிகட்டுவதை ஒரு புத்தகம் ‘வாயில்காப்பு’ என்கிறது, இன்னொன்று ‘வாயிற்காவலர் கோட்பாடு’ என்கிறது. திருத்துபவர் குழம்பாமல் இருக்க, ஒவ்வொரு விடையிலும் முதல் முறை வரும்போது மட்டும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று சொன்னேன்.

வகுப்பில் நடந்தது

வாயில்காப்பிலிருந்து தொடங்கினோம். ஒரு மாணவரின் மாமா ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். ஒரு வாரம் அவர் அனுப்பிய செய்திகளையும் அச்சில் வந்தவற்றையும் எழுதிவரச் சொன்னேன். 31 அனுப்பியிருக்கிறார், 7 வந்திருக்கிறது. வடிகால் தூர்வாராதது பற்றிய செய்தி வரவில்லை, கோயில் குடமுழுக்கு வந்திருக்கிறது. “ஏன் மாமா அது வரவில்லை?” என்று கேட்டதற்கு, “அன்றைக்கு மாவட்டப் பக்கத்தில் விளம்பரம் பாதி, மாப்பிள்ளை” என்றாராம். இதன் பிறகு டேவிட் மேனிங் ஒயிட்டின் 1950ஆம் ஆண்டு ஆய்வைச் சொன்னேன். ஓர் அமெரிக்கச் செய்தி ஆசிரியர் 1949 பிப்ரவரியில் ஒரு வாரம் தந்தியில் வந்த செய்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதைத் தள்ளினார், ஒவ்வொன்றையும் ஏன் தள்ளினார் என்று தாளிலேயே குறித்து வைத்தார். வகுப்பில் யாரும் குறிப்பெடுக்கவில்லை. அடுத்த புதன்கிழமை கேட்டபோது பதினொரு பேர் தடுமாறாமல் சொன்னார்கள்.

தொடர்பியல் மாதிரிகள் கடற்கரை மாணவர் ஒருவரால் விளங்கின. வில்பர் ஷ்ராம் 1954இல் சொன்னபடி, அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான அனுபவக் களம் இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். இதைக் கரும்பலகையில் இரண்டு வட்டங்களாக வரைந்தேன். அவர் எழுந்து நாகப்பட்டினம் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டைச் சொன்னார். கூண்டின் எண்ணைக் கேட்டதும் படகைக் கரையேற்றுவதா, கயிற்றை இறுக்கிக் கட்டினால் போதுமா என்று அவர் அப்பாவுக்குத் தெரியும். தஞ்சாவூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு அதே எண் வெறும் எண். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது அவர் எட்டாம் வகுப்பு. மின்சாரமும் செல்போன் கோபுரமும் போன பின் எந்த வழியாகச் செய்தி வந்தது என்று அவர் கால் மணி நேரம் பேசினார். ‘வழித்தடம்’, ‘இரைச்சல்’ என்ற சொற்களை நான் இடையில் எடுத்துக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

ரேடியோ நெல்

மூன்றாவது வாரம் புத்தாக்கப் பரவல். எவரெட் ரோஜர்ஸின் 1962ஆம் ஆண்டுக் கோட்பாடு. புதிய ஒன்றை ஏற்பவர்களை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார்: புதுமையாளர் 2.5 விழுக்காடு, முன்னேற்பாளர் 13.5, முன்பெரும்பான்மை 34, பின்பெரும்பான்மை 34, பின்தங்குவோர் 16. இந்தப் பட்டியலை மட்டும் கொடுத்தால் அது தேர்வறை வாசல்வரை வராது என்று தெரியும்.

எங்கள் மண்ணில் இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. 1960களில், பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தீவிர விவசாய மாவட்டத் திட்டம் நடந்த காலத்தில், ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் பரவியது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு விவசாயிகள் அதை நாடியதால் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். உலகெங்கும் வளர்ச்சித் தொடர்பியல் பாடத்தில் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தகுந்த நிகழ்வு, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. 14 பேரில் ஒருவரும் அதைக் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவரச் சொன்னேன். ஐந்து பேர் கேட்டுவந்தார்கள். ஒரு மாணவியின் தாத்தாவுக்கு 80 வயது. அவர் சொன்னதை மாணவி செல்போனில் பதிந்து வந்து போட்டுக் காட்டினார். “ரேடியோவில சொன்னாங்கதான், ஆயி. டீக்கடையில கூட்டமா நின்னு கேப்போம். அதுக்காக விதையை மாத்திட முடியுமா? மேலத்தெரு பெரியவரு வயல்ல கதிர் பிடிச்சதைப் பாத்த பிற்பாடுதான் நாங்க ரெண்டு மரக்கா கேட்டு வாங்கினோம்.” பின்னணியில் அப்பாயி, “ஒரு வருஷம் யோசிச்சாரு” என்று குரல் கொடுப்பதும் பதிவாகியிருந்தது.

ரோஜர்ஸுக்கு முன்பே ரயனும் கிராஸும் அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோள விதை பரவியதை ஆராய்ந்து 1943இல் வெளியிட்டார்கள். விதை பற்றிய செய்தியை முதலில் கொண்டுவந்தவர்கள் விற்பனையாளர்கள், ஏற்க வைத்தது அக்கம்பக்கத்து விவசாயிகள் என்பது அவர்கள் கண்டது. நான் இதைச் சொல்லி முடிக்கும் முன்பே, “சார், இது தாத்தா சொன்னதுதானே” என்று அந்த மாணவி கேட்டார். லாசர்ஸ்ஃபெல்டும் மற்றவர்களும் அமெரிக்காவின் 1940 தேர்தலை ஆராய்ந்து 1944இல் சொன்ன ஈரடுக்குப் பாய்வும் அன்றே புரிந்துவிட்டது: ஊடகச் செய்தி முதலில் கருத்துத் தலைவர்களுக்குப் போகிறது, அவர்கள் வழியாக மற்றவர்களுக்கு. மேலத்தெருப் பெரியவர் வகுப்பில் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்.

வரலாற்று அலகுக்கு பஸ் வழித்தடமே போதுமானதாக இருந்தது. 1878இல் ‘தி இந்து’வைத் தொடங்கியவர்களில் ஒருவரும் 1882இல் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றுக்காரர். எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டி. கல்கி மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலம். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், பின்னர் அச்சுக்கூடம் அமைத்ததும் தரங்கம்பாடி. ஊர்ப் பெயரோடு ஆண்டு ஒட்டிக்கொண்டது.

மாதிரித் தேர்வில் வந்த சறுக்கல்

ஆறாவது வாரம் முழுத் தாளுக்கு மாதிரித் தேர்வு வைத்தேன். நல்ல நம்பிக்கையோடுதான் வைத்தேன். 14 பேரில் 30 தாண்டியவர்கள் ஐந்து பேர்.

புத்தாக்கப் பரவல் கேள்விக்கு அந்த மாணவி ஒன்றே முக்கால் பக்கம் எழுதியிருந்தார். தாத்தா, டீக்கடை, வானொலிப் பெட்டி, மேலத்தெரு வயல் எல்லாம் இருந்தன. படிக்க அருமையாக இருந்தது. ரோஜர்ஸ் பெயர் இல்லை. ஐந்து பிரிவுகள் இல்லை. மணி வடிவ வளைகோடு இல்லை. பத்துக்கு மூன்றுக்கு மேல் என்னால் போட முடியவில்லை. கடற்கரை மாணவர் கூண்டு பற்றி 50 நிமிடம் எழுதிவிட்டுக் கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை.

இது என் தவறு. ஆறு வாரம் அவர்களைப் பேச வைத்தேன், கதை சொன்னதற்குப் பாராட்டினேன், ஒரு நாள்கூடக் கடிகாரத்தை வைத்து எழுத வைக்கவில்லை. புரிந்துவிட்டால் எழுதிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புரிந்ததைப் பத்து மதிப்பெண் விடையாக்குவது தனிப் பயிற்சி. அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த மாணவி முகத்தைப் பார்ப்பது எளிதாக இல்லை. தாத்தாவிடம் போய் மார்க் சொல்லியிருந்தாராம். “உன் வாத்தியாருக்கு ஆடுதுறை 27 தெரியாதா?” என்று அவர் கேட்டாராம்.

திருத்தம்

மீதி இருந்தது நான்கு வாரம். புதிய பாடம் எதுவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஐந்தாம் அலகில் சில பகுதிகள் நடத்தாமலே விடுபட்டன, தெரிந்தேதான் விட்டேன்.

விடையின் முதல் மூன்று வரிக்குள் யார், எந்த ஆண்டு, என்ன சொன்னார் என்பது வந்தாக வேண்டும். அடுத்துப் படமோ பிரிவுகளோ. நம் ஊர் எடுத்துக்காட்டு அதன் பிறகுதான், அதிகபட்சம் ஆறு வரி. கடைசியில் அந்தக் கோட்பாடு எங்கே பொருந்தாது என்று இரண்டு வரி. ஆறு வரி என்ற வரம்பு பலருக்கு வலித்தது. இரண்டு மரக்கால் விதையை ஆறு வரிக்குள் அடக்க அந்த மாணவி நான்கு முறை எழுதினார். நான்காவது முறை எழுதியது, நான் வாசித்த மாணவர் விடைகளிலேயே சிறந்தவற்றில் ஒன்று.

நேரத்துக்கு ஒரு கணக்கு வைத்தோம். மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். 75க்கு 150 நிமிடம் போக 30 நிமிடம் கையில் நிற்கும். பத்து மதிப்பெண் கேள்வியில் இருபதாவது நிமிடம் மேசையைத் தட்டுவேன். வாக்கியம் பாதியில் இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

இன்னொரு பயிற்சி மாணவர்களே கண்டுபிடித்தது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் தன் விடையைக் கோட்பாட்டின் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் படிப்பார். மற்றவர் கேட்டுவிட்டு எந்தக் கோட்பாடு என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த விடையில் கோட்பாடே இல்லை என்று பொருள். இந்தப் பயிற்சியில்தான் ‘பற்றி’ இல்லாத வாக்கியத்தை ஒரு மாணவர் படித்தார். எதிரே இருந்தவர், “இரண்டும் ஒன்றுதானேடா, எங்கேயோ இடிக்கிறது” என்றார். நான் வாய் திறக்கவில்லை. இருவரும் தலையைச் சொறிந்துகொண்டு, நிகழ்ச்சிநிரல் அமைப்பை ஆராய்ந்த மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1968 அமெரிக்கத் தேர்தலின்போது சேப்பல் ஹில் ஊர் வாக்காளர்களிடம் கேட்டது என்ன என்று திரும்பப் பேசி, விடுபட்ட சொல்லைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். பத்து வாரத்தில் எனக்கு மிகுந்த நிறைவு தந்த ஐந்து நிமிடம் அது.

மழை

நவம்பர் கடைசி வாரம், பின்னர் ஃபெஞ்சல் புயலாக மாறிய தாழ்வு மண்டலம் டெல்டாவில் மழையைக் கொட்டியது. எங்கள் தாள் அந்த வாரம் இருந்தது, தள்ளிப்போனது. ஒன்பது நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. ஏழு பேர் வரப்பை வெட்டி வடியவிடும் வேலையில் இருந்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, எழுதிய நோட்டு முழுவதும் ஊறிப்போனது. தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வியை வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். முதல் மூன்று வரியை மட்டும் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். மழைச் சத்தத்துக்கு நடுவே வந்த அந்தப் பதிவுகளை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முடிவு

13 பேர் தேர்வு எழுதினார்கள். ஒருவர் அக்டோபரிலேயே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். எழுதியவர்களில் 10 பேர் தேறினார்கள். அதிகபட்சம் 58, ரேடியோ நெல் மாணவியுடையது. அவர் தாத்தா கேள்வியே தாளில் வரவில்லை. அவர் நன்றாக எழுதியது நிகழ்ச்சிநிரல் அமைப்பும் இதழியல் வரலாறும்.

தேறாத மூவரில் இருவர் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். இதை வைத்து மொழி பற்றி நான் பெரிய முடிவுக்கு வர மாட்டேன், ஆங்கிலத்தில் எழுதி மூன்று பேர் தேறியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இருவருக்கும் வகுப்பில் பேச்சு தமிழில் நடந்தது, எழுத்து ஆங்கிலத்தில் கேட்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் பாலம் போட நான் நேரம் ஒதுக்கவில்லை. மூன்றாமவர் 28 எடுத்தார். ஐந்தாம் அலகில் நான் விட்ட பகுதியிலிருந்து வந்த ஐந்து மதிப்பெண் கேள்வி அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

அடுத்த முறை மாற்றப்போவது

கடிகாரம் இரண்டாவது வாரத்திலேயே வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பத்து மதிப்பெண் விடை, இருபது நிமிடம், அதன் பிறகுதான் பேச்சு. ஊர் எடுத்துக்காட்டைக் கைவிடமாட்டேன், ஆறு வரி வரம்பை முதல் நாளே சொல்லிவிடுவேன். சட்ட அலகை அரசிதழ் நிலவரத்தோடு ஒப்பிட்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். பொதுவகுப்பில் அவர்களைச் சேர்த்துவிட்டு அவர்களே மொழிபெயர்த்துக்கொள்வார்கள் என்று விட்டது சரியில்லை.

ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பேசினேன். பழைய கட்டில் இன்னும் நாற்பது பிரதி இருக்கிறது, தூக்கிப்போட மனம் வரவில்லை என்றார். தேறிய மாணவர்கள் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்து நாற்பதிலும் நீல மையில் ‘பற்றி’யைச் செருகினார்கள், 1867ஐ அடித்து 2023 என்று எழுதினார்கள். திருப்பூர் மாணவர் ஏப்ரல் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார். ஞாயிறு இரவு அவருக்கு விடுப்பு. எட்டு மணிக்குக் கேள்வி போகிறது, பனியன் கம்பெனி விடுதியிலிருந்து மூன்று வரி வருகிறது.